தூக்கத்துக்கு ஒரு போத்தல் பால்

பஞ்சாலைக்குப் பிள்ளை இல்லை. ஆனால் ரெம்பாவ் போகிற சாலையில் இருக்கும் மேட்டுத் தோட்டத்தில் அவள் தூக்கி வளர்க்காத பிள்ளையும் இல்லை. இன்றைக்கு லாரி ஓட்டுகிறவன், செனாவாங்கில் ஃபேக்டரிக்குப் போகிறவள், ராசாவில் மளிகைக்கடை வைத்திருக்கிறவன் என்று யாரை எடுத்துக்கொண்டாலும், ஒரு காலத்தில் அவள் இடுப்பில் உட்கார்ந்து அவள் தோளில் மூக்கைத் துடைத்தவர்தான். கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள், பெற்றவர்களுக்கு அடுத்தபடியாக அவள் காலில்தான் விழுவார்கள். "எந்திரிடா, எனக்குக் கூச்சமா இருக்கு" என்று வாய் சொல்லும். காலை மட்டும் நகர்த்த மாட்டாள். வயிறு திறக்காதவளுக்கு அது ஒரு பெருமை. அதைக்கூட வைத்துக்கொள்ளக் கூடாதா என்ன?

பதினைந்து வயதில் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தவள். அப்போது அங்கே ரப்பர் மரங்கள். தாய்மார்கள் விடியுமுன் பிள்ளையைச் சாரத்தில் சுற்றிக்கொண்டு வந்து கொட்டகையில் விட்டுவிட்டு, வேலைக்கணக்கு எடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு, பால்மரம் சீவப் போய்விடுவார்கள். கொட்டகைக்குப் பின்னாலேயே மரங்கள். பிள்ளை அழுதால் மர நிரையில் நிற்கிற தாய்க்குக் கேட்கும். எந்தப் பிள்ளை என்று தெரியாது. ஆனால் ஒவ்வொருத்திக்கும் தன் பிள்ளை என்றுதான் தோன்றும். கத்தி நழுவும், மரத்தில் காயம் விழும், மேற்பார்க்கிற மண்டோர் கத்துவார். அதனால் கொட்டகைக்கு ஒரே ஒரு சட்டம்தான்: அழுகை வெளியே கேட்கக் கூடாது.

அதற்கு வழியும் இருந்தது. டின்பாலில் சுடுதண்ணீர் ஊற்றி, மேலே ஒரு கரண்டி சீனி போட்டு, போத்தலைப் பிள்ளையின் வாயில் வைத்துத் தொட்டிலை ஆட்ட வேண்டும். காம்பு வாயில் இருக்கும்போதே பிள்ளை தூங்கிப்போகும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். பஞ்சாலையிடம் வளர்ந்த பிள்ளைக்கு அந்தச் சிரமம் கிடையாது. அழ வாயைத் திறக்கும்போதே பால் உள்ளே போய்விடும். "பஞ்சாலை கையில புள்ள அழுது நான் பாத்ததில்ல" என்று தாய்மார்கள் சொல்லும்போது அவளுக்கு உச்சி குளிரும்.

அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு முன்பல் எல்லாம் கறுத்து, கரைந்து, மொட்டையாக இருக்கும். அதற்குப் 'பூச்சிப்பல்' என்று ஒரு பேர் வைத்துவிட்டு எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். பேர் வைத்துவிட்டால் போதும், நமக்கு எந்தக் கேடும் பழகிவிடும். பால்பல்தானே, விழுந்து வேறு முளைக்கும். அதுவும் கெட்டுப்போனால் பிடுங்கிக்கொள்ளலாம். பஞ்சாலையின் கணவர் மணியம் முப்பது சொச்சம் வயதில் அப்படித்தான் மொத்தமாகப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பல்செட்டுக்கு மாறினார். பிடுங்கியதில் பாதி நல்ல பல். "கூரையில பாதி ஓடு ஒடஞ்சா மீதியையும் எறக்கிட்டுத் தகரம் போடுறதில்ல? அந்த மாதிரிலா" என்று அவரே நியாயமும் சொல்லுவார். அந்தத் தகரத்தின் லட்சணம் என்னவென்றால், கறி சாப்பிட உட்காரும்போது அதைக் கழற்றித் தட்டோரம் வைத்துவிட்டு வெறும் ஈறால் மெல்லுவார்.

பிறகு ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்காட்டு வேலைக்கு வங்காளதேசத்துப் பையன்கள் வந்தார்கள். கொட்டகையை மூடினார்கள். தோட்டத்து ஓரத்தில் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் மிச்சமிருந்த தமிழ்க் குடும்பங்கள் செனாவாங் ஃபேக்டரிகளுக்கு மோட்டார் சைக்கிளில் போய் வந்தன. கொஞ்ச காலம் பஞ்சாலை வீட்டிலேயே பிள்ளை பார்த்தாள். அப்புறம் படித்த தாய்மார்கள் பிள்ளைகளைத் தாமான் குடியிருப்பில் இருக்கிற தாஸ்கா என்ற குழந்தைக் காப்பகத்தில் விட ஆரம்பித்தார்கள். அங்கே படம் பார்த்து எழுத்தெல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்களாம். ஸ்பிரிங் தொட்டில் கொக்கியில் சும்மா தொங்கியது. மணியம் ஒரு ஃபேக்டரியில் காவல் வேலைக்குப் போய்விட்ட பகல்களில், அந்த வீட்டில் சுவர்ப்பல்லி சத்தம் போட்டால்தான் உண்டு. ஐம்பத்தாறு வயதில் பஞ்சாலைக்குத் தான் முதல் முறையாக மலடி என்று தோன்றியது. இத்தனை வருஷம் அந்தச் சொல்லை யாரும் அவளிடம் சொன்னதில்லை. இப்போது அவளே சொல்லிக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் மோகனா வந்தாள். மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தவள், ஃபேக்டரியில் ஆப்பரேட்டர்; புருஷன் குணாளன் அதே பக்கத்தில் வேறு ஃபேக்டரியில் டெக்னிஷன். பிரசவ லீவு முடிந்து வேலைக்குத் திரும்ப வேண்டிய நாளில், மூன்று மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். பேர் கிஷாலினி.

"அக்கா, ரெண்டு பேருக்கும் ஷிப்டு மாறி மாறி வருது. தாஸ்காவுல நேரத்துக்கு வந்து எடுக்கணும்னு சொல்றாங்க. நீங்க பாத்துக்குவீங்களா?"

இது கேட்க வேண்டிய கேள்வியா? பஞ்சாலை பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

கிஷா அவள் கையில் வளர்ந்தாள். குப்புற விழுந்ததும், நெஞ்சால் நகர்ந்ததும், முதலில் 'ஆயா' என்றதும் அந்த வீட்டில்தான். அம்மா என்றது அதற்கு அடுத்த வாரம். மோகனாவிடம் பஞ்சாலை அதை மாற்றிச் சொல்லிவிட்டாள். மோகனா கொண்டுவந்து கொடுக்கும் பால்மாவை ஒரு வயசு வரைக்கும் மரியாதையாகக் கலக்கிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு மத்தியானத் தூக்கத்துக்கு மட்டும் தன் கைப்பக்குவம். "மாவுப்பாலுல என்னா ருசி இருக்கு" என்று டின்பாலும் சீனியும் போட்டாள். பிள்ளை போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண் சொக்கி, கடைசியில் காம்பைக் கடித்தபடியே தூங்கும். பஞ்சாலை பக்கத்தில் உட்கார்ந்து அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் வாழ்க்கையிலேயே அதைவிடப் பெரிய சுகம் வேறு இல்லை.

ஒன்றரை வயதில் ஒரு நாள், பிள்ளை அண்ணாந்து சிரித்தபோது, மேல்பல் நாலிலும் ஈறை ஒட்டி வெள்ளையாகக் கோடு தெரிந்தது. பால் ஒட்டியிருக்கிறது என்று முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. விட்டுவிட்டாள். தடுப்பூசி போடப் போன கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி, "பக்கத்துலதான் பல்லு கிளினிக், அப்படியே காட்டிட்டுப் போங்க" என்று மோகனாவிடம் சொல்லித்தான் அனுப்பினார். மோகனாவுக்கு அன்று மாலை ஷிப்டு. இத்தனூண்டு பல்லில் பார்க்க என்ன இருக்கிறது என்று அவளும் விட்டுவிட்டாள். அன்றைக்கு உதட்டைத் தூக்கிப் பார்க்க ஒரு ஆள் இருந்திருந்தால், பூச்சு ஒன்று போட்டுவிட்டுப் போத்தலை நிறுத்தச் சொல்லியிருப்பார்கள். அவ்வளவோடு முடிந்திருக்கும். வெள்ளை மஞ்சளானது, மஞ்சள் கறுப்பானது. எல்லாரும் பூச்சிப்பல் என்றார்கள்.

மூன்று வயது முடிந்த கொஞ்ச நாளில், ஒரு காலையில் மோகனா பிள்ளையைக் கொண்டுவந்தபோது பஞ்சாலைக்கு அடையாளமே தெரியவில்லை. மேலுதடு வீங்கி மூக்கைத் தள்ளிக்கொண்டு நின்றது. ஒரு கண் பாதிதான் திறந்தது. உடம்பு கொதித்தது. கிஷா அழக்கூட இல்லை, முனகினாள். அழுகையை அடக்கியே பழகிய பஞ்சாலைக்கு, அந்த முனகலை என்ன செய்வதென்று தெரியவில்லை.

குணாளன் காடியைக் கிளப்பி எல்லாரையும் ஏற்றிக்கொண்டான். முதலில் டவுனில் இருந்த ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனார்கள். அங்கே வீக்கத்துக்கு மருந்து கொடுத்துவிட்டு, பத்துப் பல்லை எடுத்துவிடலாம், மிச்சப் பல்லுக்கெல்லாம் உலோகத் தொப்பி மாட்டிவிடலாம் என்றார்கள். குணாளன் பயத்தில் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தான். வீட்டில் மணியம் அதற்கு ஒத்து ஊதினார்.

"மொத்தமா எடுத்துருங்க தம்பி. ஒரே வலியோட போயிரும். என்னயப் பாருங்க."

பார்த்ததுதான் வினை. மோகனா அவர் வாயைப் பார்த்தாள். அந்த வயதான பொக்கைவாய்க்குப் பக்கத்தில் தன் மகளின் முகத்தையும் பார்த்தாள். "இன்னொரு எடத்துல கேட்டுட்டுச் செய்யலாங்க" என்று புருஷனிடம் சொன்னாள். நல்ல வேளை சொன்னாள்.

அரசாங்கப் பல் கிளினிக்கில் டாக்டர் விஜிதா இருந்தார். சிலோன் தமிழர் வீட்டுப் பெண், முப்பது வயதிருக்கும். பஞ்சாலையும் கூடப் போயிருந்தாள். கிஷா அவள் மடியை விட்டு இறங்க மாட்டேன் என்றதால், அவள் மடியிலேயே வைத்துப் பார்த்தார். சின்னக் கண்ணாடியை விட்டு ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார். அவசரமே படவில்லை.

"முன்னால இருக்கிற நாலையும் காப்பாத்த ஏலாது. வீக்கம் வடிஞ்சதும் ஆஸ்பத்திரியில மயக்கம் குடுத்துத்தான் எடுக்கணும். மற்றதை ஏன் எடுக்கிறது? கடவாய்ப் பல்லில இப்பதான் தொடங்குது. பூச்சு போட்டு, வீட்டில ஒழுங்கா விளக்கினா அப்படியே நிக்கும். பால்பல்தானே என்று நினைக்காதீங்க. இதுதான் வரப்போற பல்லுக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கு." பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "பிள்ளை போத்தலோட படுக்கிறவவா?"

மோகனா இல்லை என்று தலையாட்டினாள். ராத்திரியில் அவள் கொடுப்பதில்லை. அப்புறம் அவள் பார்வை பஞ்சாலை பக்கம் திரும்பியது. குணாளனும் திரும்பினான்.

"மத்தியானத்துல... தூங்குறதுக்கு மட்டும்" என்றாள் பஞ்சாலை. "டின்பால். கொஞ்சம் சீனி."

"தூங்கும்போது வாயில எச்சில் ஊறாது அக்கா. பால் பல்லிலேயே நிக்கும். நாள்தோறும் நின்றா பல் கரையும். கீழ்ப்பல்லைப் பாருங்க, நாக்கு மூடியிருந்ததால தப்பியிருக்கு. மேல்பல் மட்டும் போயிருக்கு."

"பூச்சி இல்லீங்களா டாக்டரம்மா?"

"கண்ணால பாக்கிற பூச்சி ஒன்றும் இல்ல அக்கா. பாலும் சீனியும்தான்."

அவர் கடிந்து சொல்லவில்லை. கடிந்திருந்தால்கூடப் பஞ்சாலை தாங்கியிருப்பாள். அந்த நாற்காலியில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, கொட்டகையில் வரிசையாகத் தொங்கிய தொட்டில்கள் ஒவ்வொன்றும் அவள் கண் முன்னால் வந்தன. அந்தத் தொட்டிலில் வளர்ந்த அர்ச்சுனன் வாயைப் பொத்திக்கொண்டு பள்ளிக்குப் போனது வந்தது. கல்யாணப் போட்டோவில் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்ற புஷ்பவள்ளி வந்தாள். பல்வலியில் இரவெல்லாம் கன்னத்தைச் சுவரில் வைத்துக்கொண்டு கிடந்த பிள்ளைகள், அவர்கள் கன்னத்தில் கிராம்பு அரைத்துப் பூசிவிட்ட தன் கை, எல்லாம் வந்தன. அத்தனையும் தன் கையால் கொடுத்த பால். அதற்குத்தான் காலில் விழுந்தார்களா? அவளுக்கு அழுகை வந்தது. பிள்ளை பயந்துவிடும் என்று அதையும் விழுங்கிக்கொண்டாள்.

மோகனா அன்றைக்குச் சண்டை போடவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். வீட்டு வாசலில் காடியை விட்டு இறங்கியதும், "தெரியாம நடந்துச்சுக்கா. நானும்தான் பாக்காம விட்டேன். இனிமே வேணாம், அவ்ளோதான்" என்றாள். ஆனால் அந்த 'அவ்ளோதான்' எவ்வளவு என்று பஞ்சாலைக்குப் புரிந்தது. போத்தல் போனால் பிள்ளை இருக்கும். போத்தல் இருந்தால் பிள்ளை போய்விடும்.

ஆஸ்பத்திரியில் நாலு பல்லையும் எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து வந்த கிஷா, நாக்கை மேலே கொண்டுபோய்த் துழாவினாள். பல் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லாததைக் கண்டுபிடித்து, பஞ்சாலையைப் பார்த்து, "ஆயா, போட்டுக் குடு" என்றாள். உடைந்த பொம்மையை எல்லாம் ஆயாதானே ஒட்டிக்கொடுப்பாள்.

பஞ்சாலை முயற்சி செய்யாமல் இல்லை. டாக்டர் சொன்ன மாதிரி, பட்டாணி அளவு பற்பசை வைத்து, காலையில் பிள்ளை வந்ததும் மடியில் சாய்த்து, உதட்டைத் தூக்கித் தூக்கி விளக்கிவிட்டாள். சீனி போடுவதை விட்டாள். பாலில் நாளுக்கு நாள் தண்ணீரைக் கூட்டினாள். ஒரு கட்டத்தில் போத்தலில் இருந்தது வெறும் தண்ணீர்தான். பிள்ளையும் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்துத் தூங்கப் பழகிவிட்டது. "பாத்தீங்களா, என் தங்கம் கேட்டுக்கிச்சு" என்று மணியத்திடம் பெருமையடித்தாள். அப்படியே விட்டிருக்கலாம்.

கிஷாவுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணச் சளிக்காய்ச்சல்தான். மத்தியானம் தூக்கம் வராமல், தொட்டிலில் புரண்டு புரண்டு, "பால் வேணும் ஆயா, இனிப்புப் பால்" என்று அழ ஆரம்பித்தாள். பஞ்சாலை தூக்கிக்கொண்டு நடந்தாள். பாட்டுப் பாடினாள். தண்ணீர் கொடுத்தாள், தட்டிவிட்டது. அழுகை ஏற ஏற அவளுக்கு உடம்பெல்லாம் பதறியது. பின்னால் இப்போது ரப்பர் மரமும் இல்லை, சீவுகிற தாயும் இல்லை, கத்துகிற மண்டோரும் இல்லை. ஆனால் நாற்பது வருஷமாக அந்தச் சத்தம் வெளியே போகாமல் பார்த்துக்கொண்ட உடம்புக்கு அதெல்லாம் தெரியுமா? ஒரே ஒரு நாள், காய்ச்சல்காரப் பிள்ளை, சாமி மன்னிக்கும் என்று சொல்லிக்கொண்டு டின்னைத் திறந்தாள். பிள்ளை குடித்துவிட்டு, தேம்பலோடு அவள் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனது.

ஒரே ஒரு நாள் என்று யாருக்காவது நின்றிருக்கிறதா? அழுதால் கிடைக்கும் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. மறுநாளும் அழுதாள். பஞ்சாலை மறுநாளும் கொடுத்தாள். அதற்குப் பரிகாரம் மாதிரி, தூங்கி எழுந்ததும் ஈறு சிவக்கும் வரைக்கும் தேய்த்துவிட்டாள். "அம்மாகிட்ட சொல்லக்கூடாது, என்னா?" என்று காதில் சொன்னாள். கிஷாவுக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது. உதட்டில் விரலை வைத்து, பல்லில்லாத வாயால் 'உஸ்' என்று காற்றை விடுவாள். அந்தக் காற்றைக் கேட்டு பஞ்சாலையும் சிரிப்பாள். பாவி, சிரிப்பாள்.

அடுத்த தடவை டாக்டர் விஜிதா பார்த்தபோது, கடவாய்ப் பல் இரண்டில் ஓட்டை விழுந்திருந்தது. அவர் நெற்றியைச் சுருக்கினார். "போத்தல் நிப்பாட்டியாச்சுதானே?"

"எப்பவோ நிப்பாட்டியாச்சு டாக்டர்" என்றாள் மோகனா.

பஞ்சாலை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மடியில் இருந்த கிஷா நிமிர்ந்து, விஷயம் தெரிந்தவள் மாதிரி, "ஆயா குடுப்பாங்க. அம்மாகிட்ட சொல்லக்கூடாது" என்றாள். சொல்லிவிட்டு விரலை உதட்டில் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் ஏதோ எழுதுகிற மாதிரி குனிந்துகொண்டார். மோகனா எழுந்து வந்து, பஞ்சாலையின் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாகப் பிள்ளையை அவள் கேட்காமல் எடுத்தாள்.

காடியில் வரும்போது, "என்னய ரெண்டு அடி அடிச்சுக்கூட போடு மோகனா" என்றாள் பஞ்சாலை.

மோகனா பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "தெரியாம செஞ்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லலயேக்கா. இது தெரிஞ்சு செஞ்சது." அதற்கு மேல் அவளும் அழுதுவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை கிஷா தாஸ்காவுக்குப் போனாள். ஒரு வாரம் அழுதாளாம், பிறகு பழகிவிட்டாளாம். மத்தியானம் மற்ற பிள்ளைகளோடு பாயில் படுத்துத் தானாகவே தூங்குகிறாளாம். குணாளன் வாசலில் வண்டியை நிறுத்தி இதைச் சொல்லிவிட்டுப் போனான். ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னான். அந்த ஒரு வார அழுகையை ஆற்ற யார் இருந்தார்கள், எந்த மூலையில் உட்கார்ந்து அழுதாள் என்று நினைத்து நினைத்து பஞ்சாலை சாப்பாட்டை ஒதுக்கினாள். ஒரு வாரம்தான். அந்த ஒரு வாரத்தைத் தாங்க அவளுக்குத் தெம்பில்லை. அதற்காகப் பிள்ளையையே இழந்தாள்.

இரண்டு வருஷம் போனது. கடவாய்ப் பல்லை அடைத்துக் காப்பாற்றிவிட்டார்கள். கிஷா எப்போதாவது வாசலோடு ஓடும்போது, "ஆயா" என்று கையை ஆட்டுவாள். சிரிக்கும்போது மட்டும் அந்தக் கை வாய்க்குப் போய்விடும். தடிகா பாலர் பள்ளியில் பிள்ளைகள் பொக்கைவாய் என்று கேலி செய்கிறார்களாம். புதுப் பல் ஏழு எட்டு வயதில் முளைக்கும் என்றார்கள். பஞ்சாலை ரெம்பாவ் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள்.

மோகனாவுக்கு இரண்டாவதாக ஆண் குழந்தை பிறந்தது. பஞ்சாலை தொட்டில் போடுகிற அன்று போய், ஓரமாக நின்று பார்த்துவிட்டு வந்தாள். தூக்கவில்லை. வரும் வழியில் மணியத்திடம், "மூக்கு அப்படியே கிஷா மூக்கு" என்று மட்டும் சொன்னாள். பிறகு மூன்று மாதமும் அவள் மனசுக்குள் ஒரே ஒரு நினைப்புதான். கேட்பாளா? மூடி வைத்திருந்த ஸ்பிரிங் தொட்டிலை எடுத்து எண்ணெய் போட்டாள். மணியம் பார்த்தும் பார்க்காதது மாதிரி போனார்.

கேட்டாள். ஒரு சனிக்கிழமை மத்தியானம், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"திங்கக்கிழம வேலைக்குப் போகணுங்க்கா. தாஸ்காவுல போய்ப் பாத்தேன். ஒரு ஆளுக்கு அத்தன பிள்ளைங்க. நல்லாத்தான் பாத்துக்கிறாங்க, கொற சொல்ல முடியாது. ஆனா யாரும் தூக்கி மடியில வச்சுக்க மாட்டாங்க." தோளில் கிடந்த குழந்தையைத் தட்டிக்கொடுத்தாள். "கிஷா இன்னமும் ஒங்க பேரச் சொல்லித்தான் தூங்குறாக்கா. நடந்தது நடந்துபோச்சு. இவனுக்கு இன்னும் பல்லே மொளைக்கல. இந்தத் தடவ மொதல்லேர்ந்து ரெண்டு பேரும் சரியா பாத்துக்கலாம். நீங்களே வச்சுக்குங்க."

பஞ்சாலை கையை நீட்டி வாங்கினாள். பவுடரும் பாலும் கலந்த அந்த வாசனை நெஞ்சுக்குள் போனதும் கண் நிறைந்துவிட்டது. கதவோரம் நின்ற மணியமும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேட்பாளா என்று காத்திருந்தது மடியிலேயே வந்து விழுந்துவிட்டது. குழந்தை புது முகத்தை உற்றுப் பார்த்தது, உதட்டைப் பிதுக்கியது, வீறிட்டு அழ ஆரம்பித்தது.

"என் ராசா, என்னா ராசா, தோ ஆயா இருக்கேன்லா" என்று எழுந்து ஆட்டினாள். நடந்தாள். அழுகை கூடியது. மோகனா, "புது எடம்க்கா, கொஞ்ச நேரம் அழுவான், அப்பறம் நிப்பாட்டிருவான்" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

அது பஞ்சாலையின் காதில் விழவில்லை. அவளுக்குத் திரும்ப நினைவு வந்தபோது அவள் குசினியில் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை. மணியத்தின் தேத்தண்ணிக்காக வைத்திருந்த பால்டின்னின் மூடி திறந்திருந்தது. வலது கையின் சுட்டு விரல் நுனியில் பால் கோடாக வழிந்துகொண்டிருந்தது. குழந்தையின் வாய்க்கு அரை சாண் தூரத்தில் அந்த விரல் இருந்தது. எப்போது நடந்து வந்தாள், எப்போது திறந்தாள், எப்போது தொட்டாள் என்று அவளுக்குத் தெரியவே இல்லை.

விரலைத் தண்ணீரில் கழுவினாள். சேலையில் துடைத்தாள். மறுபடியும் கழுவினாள். பிறகு முன்கூடத்துக்கு வந்து, அழுகிற குழந்தையை மோகனாவின் மடியில் வைத்தாள்.

"வேணாம் தாயி. என்கிட்ட விடாத."

"என்னாக்கா? இப்பத்தான் எல்லாம் பேசினோம்..."

"அழுதா குடுத்துருவேன். நீ சொன்னாலும் குடுப்பேன், டாக்டரம்மா சொன்னாலும் குடுப்பேன். வாய்ல சரி சரின்னுதான் சொல்லுவேன். இப்பவே கை போயிருச்சு மோகனா." ஈர விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். "தாஸ்காவுல விடு. அங்க அழட்டும். அழுதாப் பல்லு போகாது."

மோகனா குசினிப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். ஒரு கையால் பஞ்சாலையின் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"பைத்தியக்காரி, பைத்தியக்காரி" என்று மணியம் தலையில் அடித்துக்கொண்டார். "தேடி வந்து மடியில போட்ட புள்ளய எவளாச்சும் திருப்பிக் குடுப்பாளா?"

பஞ்சாலை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று வீடுதான் தூரம். குழந்தை முதல் வீட்டைத் தாண்டியும் அழுதது, இரண்டாவது வீட்டைத் தாண்டியும் அழுதது. ஓடிப் போய் வாங்கிவிடத் துடித்த கால்களை அவள் அசையவிடவில்லை. மூன்றாவது வீட்டுக் கதவு சாத்தியது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு, யாரும் எதுவும் கொடுக்காமலேயே, குழந்தை அழுகையை நிறுத்தியது.